மயில்மீன் பாய்ந்த நாள்

நான் சைகோனுக்குக் கப்பல் ஏறியபோது புதுச்சேரியில் ஒரு கொடி பறந்தது. திரும்பி வந்து இறங்கியபோது வேறு கொடி பறந்தது. தோளில் பட்டாளத்துப் பை, கையில் சாக்குத்துணி சுற்றிய நீளமான ஒரு சாமான். துப்பாக்கியோ என்று சந்தேகப்பட்டு ஒரு போலீஸ்காரர் அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்துக் காட்டினேன். சக்கரம் வைத்த தூண்டில் கழி. அவர் சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே போகச் சொன்னார்.

எங்கள் வீடு குருவிநத்தத்தில், ஊருக்கு வெளியே இருக்கும் தெருவில். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலி வேலை. பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது நாற்றுக்கட்டைப் போட்டுவிட்டுப் போனவன் நான். பட்டாளத்திலிருந்து திரும்பியவனை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். வந்த முதல் நாளிலிருந்தே என் பேர் போய் அதுவே பேராகிவிட்டது. அம்மா நான் உயிரோடு வந்ததற்காக வில்லியனூர் மாதா கோயிலுக்கு நடந்தே போய் வந்தாள். ஆனால் வந்தவன் சரியாக வரவில்லை என்பது அவளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. வயலில் கொக்குக் கூட்டம் எழும்பினால் குனிந்துவிடுவேன். யாராவது பின்னால் வந்து கூப்பிட்டால் கை தானாக இடுப்புக்குப் போகும். சும்மா உட்கார்ந்திருந்தால் விரல்கள் நடுங்கும்.

கழி கையில் இருந்தால் மட்டும் நடுங்காது. சைகோனுக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் எங்களை ஓய்வுக்கு விட்டிருந்தபோது, மீன்பிடிப் பைத்தியம் பிடித்த ஒரு சார்ஜெண்டு என்னைப் படகில் அழைத்துப் போவார். விற்கவோ தின்னவோ அல்ல, விளையாட்டுக்கு. ஒரு மீன், ஒரு ஆள், ஒரு நூல். அவர் தூண்டிலில் ஒரு முறை மயில்மீன் மாட்டியது. முதுகில் மடித்து வைத்திருந்த செட்டையைப் பாய் மாதிரி விரித்துக்கொண்டு அது தண்ணீரைவிட்டு எழும்பியதைப் பார்த்தபோது, எனக்குச் சண்டை மறந்தது, ஊர் மறந்தது. நூலை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அவர் தன் நாட்டுக்குப் புறப்பட்டபோது கழியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

எங்கள் தெருவுக்குக் கூடையில் மீன் கொண்டுவரும் ஒரு அக்கா இருந்தாள். பாகூருக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்துக்காரி. நல்ல உயரம், கூடை தலையில் இருக்கும்போதே கை வீசிப் பேசுவாள். ஒருநாள் நான் வாசலில் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றாள்.

“இன்னா சொல்தா, இவ்ளோ பெரிய கழியில இன்னாத்த புடிக்கப் போற? பாகூர் ஏரியில கெண்டையா?”

“மயில்மீனுக்கா.”

அவள் கூடையை இறக்கி வைத்தாள். “கோலா மீனு புடிக்கப் போறப்ப எங்க வூட்டுக்காரரு பார்ப்பாரு. பறந்து ஓடற கோலாவைத் தொரத்திக்கினு வரும். மூக்கு ஈட்டி மாதிரி இருக்கும். வலையைக் கிழிச்சிடும்னு திட்டுவாரு. அத்த போயி ஆசைப்பட்டுப் புடிப்பாங்களா?”

“ஆசைப்பட்டுத்தான்.”

அவள் என் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “வந்து அவருகிட்ட கேளு,” என்றாள்.

அவள் கணவருக்கு என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இருக்கும். குறைவாகப் பேசுவார். அவரும் அவர் தம்பியும் இன்னொருவரும் கட்டுமரத்தில் போவார்கள். அந்த மூன்றாவது ஆள் காய்ச்சலில் கிடந்ததால், பாரம் இறக்க, வலை இழுக்க ஒரு கை கிடைக்கும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். கோலா வலை போட்ட பிறகு கிடைக்கும் நேரத்தில் நான் என் கழியைப் போட்டுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. தம்பிக்கு இது பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முதல் இரண்டு தடவையும் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். கட்டுமரம் என்பது படகு அல்ல, கட்டிப்போட்ட மரத்துண்டுகள். கடல் அடியிலிருந்தும் வரும், பக்கத்திலிருந்தும் வரும். உட்கார்ந்த இடம் எப்போதும் ஈரம். தாகம் எடுத்தால் சுரைக்குடுக்கையில் தண்ணீர். தம்பி குடுக்கையை வாயில் வைத்துக் குடிப்பான், அண்ணனும் அப்படியே. என் முறை வரும்போது அண்ணன் குடுக்கையை உயர்த்திப் பிடிப்பார். நான் இரண்டு கைகளையும் குவித்து ஏந்திக் குடிப்பேன். ஊரில் பழகியதுதான். பட்டாளத்தில் ஒரே தகரக் குவளையில் நான்கு நாட்டுக்காரர்கள் குடித்திருக்கிறோம். அதை நினைத்துக்கொள்வேன், சொல்லமாட்டேன்.

மூன்றாவது தடவை, வைகாசிக் கடைசி. விடியும் முன்பே கரைக்காற்றில் பாய் விரித்துப் போனோம். வெயில் ஏறியபோது கரை மறைந்துவிட்டது. கோலா வந்து முட்டையிட வேண்டும் என்று கொழுஞ்சிச் செடிக் கட்டுகளைக் கயிற்றில் கோர்த்துத் தண்ணீரில் மிதக்க விட்டிருந்தார்கள். கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. கோலாக்கள் வந்து கட்டுகளைச் சுற்றின. வலையில் பாதி இழுத்திருப்போம். திடீரென்று மீதிக் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் தண்ணீரைவிட்டு எழும்பிச் சிறகை விரித்துப் பறந்தது. சில எங்கள் கட்டுமரத்தின் மேலேயே விழுந்தன.

“வந்துடுச்சி,” என்றார் அண்ணன். “உன் ஆளு.”

பின்னால், கல்லெறி தூரத்தில், கருநீலமாக ஒரு பாய் தண்ணீருக்கு மேலே எழுந்து நின்றது. இன்னொன்று. இரண்டும் மடங்கி மறைந்தன. மரத்தில் துடித்துக்கொண்டிருந்த ஒரு கோலாவை எடுத்துக் கொக்கியில் குத்தினேன். விரல் நடுங்கவில்லை. நூலை விட்டேன்.

இழுப்பு வந்தபோது சக்கரம் அலறியது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கட்டைவிரலால் அழுத்தினேன், தோல் பொசுங்கியது. நூல் போய்க்கொண்டே இருந்தது. தூரத்தில் மீன் எழும்பியது. முழு உடம்பும் வெளியே. வெள்ளியும் நீலமும். தலையை உதறி உதறி விழுந்தது. மறுபடியும் எழும்பியது. தம்பி தன்னையறியாமல் கத்தினான். “யப்பா! இன்னாமா குதிக்குது!”

அதுவரை முகம் கொடுக்காதவன், என் முதுகைப் பிடித்துக்கொண்டு, நான் வழுக்கி விழாமல் முட்டுக் கொடுத்தான். மீன் எங்கள் மரத்தையே மெல்ல இழுத்தது. நான் சக்கரத்தைச் சுற்றுவேன், அது திரும்ப எடுத்துக்கொண்டு போகும். வெயில் உச்சிக்கு வந்தது. தோள்பட்டை மரத்துவிட்டது. கடைசியில் அது பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து நீந்த ஆரம்பித்தது. களைத்துவிட்டது என்று நினைத்தேன். மூவருமே நினைத்தோம்.

அண்ணன் முன்பக்கம் குனிந்து நூலைக் கையில் பிடித்தார். பிடித்தவர், பருத்திக் கயிற்றைச் சுற்றுவது போல உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

“அண்ணே, சுத்தாதீங்க!”

நான் சொல்லி முடிக்கவில்லை. மீன் எங்கள் பக்கமாகவே பாய்ந்தது. மரத்துக்கு மேலே ஒரு நொடி அதன் கண்ணைப் பார்த்தேன், தட்டு மாதிரி பெரிய கண். ஏதோ முறியும் சத்தம் கேட்டது. மீன் அந்தப் பக்கம் விழுந்தது. அண்ணன் உட்கார்ந்திருந்தபடியே தன் தொடையைப் பார்த்தார். அதில் அந்த மூக்கு, ஒரு சாண் நீளம் வெளியே தெரிய, முறிந்து நின்றது.

அவர் கத்தவில்லை. கத்துவதற்குள் நூல் அவர் கையை இழுத்தது. மீன் இன்னும் கொக்கியில்தான் இருந்தது, ஆழத்துக்குப் போகப் பார்த்தது. அண்ணனின் பாதி உடம்பு மரத்தைவிட்டு வெளியே போய்விட்டது. நான் கழியை விட்டுவிட்டு அவர் இடுப்பில் விழுந்தேன். வலை அறுக்கும் கத்தி எங்கே இருந்தது, எப்படி என் கைக்கு வந்தது, இன்றைக்கும் நினைவில்லை. நூலை அறுத்தேன். அவர் திரும்பி என் மேலேயே மல்லாந்து விழுந்தார். கழி நழுவிக் கடலில் போனதை நான் பார்க்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் அது இல்லை என்று தெரிந்தது.

ரத்தம் எவ்வளவு போகிறது என்று கணக்கே தெரியவில்லை. மரத்தின் மேல் ஏறி இறங்கும் தண்ணீர் அதைக் கழுவிக் கழுவிக் கொண்டுபோனது. மூக்கு குத்திய இடத்தைச் சுற்றி மட்டும் புதிதாக, விட்டு விட்டு, கொப்பளித்து வந்தது. பெரிய ரத்தக்குழாய் அறுந்தால்தான் அப்படி வரும் என்று எனக்குத் தெரியும்.

தம்பி பாய்ந்து வந்து முறிந்த மூக்கைப் பிடித்தான். “புடுங்கிடலாம்! புடி, காலைப் புடி!”

“தொடாதே!”

“யோவ், குத்திக்கினு இருக்குதுய்யா!”

“புடுங்கினா மொத்த ரத்தமும் வெளிய வந்துடும். நான் பாத்திருக்கேன். கைய எடு.”

அவன் எடுக்கவில்லை. மற்றக் கையால் என் சட்டைக் கழுத்தைப் பிடித்தான். “உன்னாலதான்யா இத்தனையும். விளையாட வந்தியே! எங்க அண்ணன் மேல கை வெச்சா உன்னக் கடல்ல தள்ளிடுவேன்.”

தள்ளியிருப்பான். அவன் கண்ணில் அது தெரிந்தது. அப்போது கீழே கிடந்தவர் பேசினார். “வுடுடா அவர. அவருக்குத் தெரியும்.”

தம்பியின் கை தளர்ந்தது. அண்ணன் தலையில் கட்டியிருந்த துண்டை உருவி, காயத்துக்கு மேலே, தொடை இடுப்போடு சேரும் இடத்தில் சுற்றினேன். மீனை அடித்துக் கொல்ல வைத்திருந்த கட்டையை முடிச்சுக்குள் விட்டு முறுக்கினேன். அவர் பல்லைக் கடித்த சத்தம் கேட்டது. இன்னும் ஒரு முறுக்கு. கொப்பளிப்பு நின்றது. என் சட்டையைக் கிழித்து, மூக்கு அசையாதபடி சுற்றிலும் அணைத்துக் கட்டினேன். காலைத் தண்ணீர் படாமல் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். முழங்கை வரை என் கை சிவப்பு.

பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். காற்றே இல்லை. பாய் ஈரத்துணி மாதிரி தொங்கியது. நான்கு பக்கமும் தண்ணீர். வழக்கமாக அந்த நேரத்துக்குக் கடல்காற்று கிளம்பி ஆட்களைக் கரைக்குத் தள்ளும். அன்றைக்குக் கிளம்பவில்லை.

தம்பி வலையையும் கட்டுகளையும் அறுத்துக் கடலில் விட்டான். பிடித்த கோலாவை எல்லாம் தள்ளிவிட்டான். “தொடுப்பு போடத் தெரியுமா?” என்று கேட்டான்.

“தெரியாது.”

“போடு.”

ஒரு கையால் கட்டையின் முறுக்கைப் பிடித்துக்கொண்டு துடுப்புப் போட முடியாது. கட்டையைக் கயிற்றால் அண்ணனின் இடுப்போடு கட்டினேன். அவர் காலை என் தொடைமேல் போட்டுக்கொண்டே மண்டியிட்டுத் துடுப்பைத் தள்ளினேன். தம்பி பின்னால் இருந்தான். கொஞ்ச தூரம் போனதும் அவன் அடிக்கடி திரும்பிப் பார்ப்பதைக் கவனித்தேன்.

“இன்னா அது?”

“ஒண்ணுமில்ல. தொடுப்பப் போடு.”

நானும் திரும்பிப் பார்த்தேன். மரத்துக்குப் பின்னால், ரத்தம் கலந்து போன வழியில், சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு வந்துகொண்டிருந்தது. பெரிய சுறா அல்ல. ஆனால் போகவும் இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. அண்ணனுக்குக் கேட்கக் கூடாது.

அவர் கண் சொருக ஆரம்பித்தது. தூங்கவிட்டால் போச்சு என்று எனக்குப் பயம். “அண்ணே, கரை எந்தப் பக்கம்? சொல்லுங்க. எனக்கொண்ணும் தெரியல.”

அவர் வெயிலைப் பார்த்தார், அலையின் ஓட்டத்தைப் பார்த்தார். “வடக்க தள்ளிக்கினு போவுது நீரோட்டம். மரமும் அதுகூடவே போவட்டும். எதுத்துத் தொடுப்பு போடாதீங்க. நம்ம கரைக்குப் போவாத. அலையில மரம் கவுந்துடும். சுண்ணாம்பாத்து முகத்துக்குப் போ. உள்ள போயிட்டா தண்ணி நிக்கும்.” இதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

தாகம் என்றார். நான் குடுக்கையை எடுத்தேன். அவர் தலையைத் தூக்கி, என் சிவந்த கையாலேயே குடுக்கையின் வாயை அவர் உதட்டில் வைத்தேன். கொஞ்சமாக, நாக்கு நனையும் அளவுக்கு. அவர் குடித்தார். தம்பி பார்த்தான். பார்த்துவிட்டுத் துடுப்பைப் போட்டான். பிறகு நானும் அதே குடுக்கையில் வாய் வைத்துக் குடித்தேன்.

“சொல்தா,” என்றார் அண்ணன், கண்ணை மூடியபடியே. “அங்க எத்தினி பேரக் கொன்ன?”

ஊரில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அம்மாகூட. “தெரியாதுண்ணே. இருட்டுல சுடுவோம். யாரு விழுந்தான்னு காலையில போயிப் பார்க்க மாட்டேன்.”

“காப்பாத்தினது?”

“ஒருத்தன. இதே மாதிரி கட்டி. இன்னொருத்தனுக்குக் கட்டுறதுக்குள்ள அவனே புடுங்கிட்டான்.”

அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. போய்விட்டார் என்று நினைத்து நெஞ்சில் கை வைத்தேன். “இருக்கேன்,” என்றார். “கட்ட கொஞ்சம் தளத்து. காலு எனக்கு இல்லாத மாதிரி இருக்குது.”

தளர்த்தினேன். ரத்தம் வந்தது. கால் விரல்கள் கொஞ்சம் நிறம் மாறும்வரை விட்டுவிட்டு மறுபடி முறுக்கினேன். அவ்வப்போது அப்படிச் செய்தேன். காலா, உயிரா என்று ஒவ்வொரு தடவையும் நான்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

வெயில் சாயும் நேரத்தில் தம்பி துடுப்பை நிறுத்தினான். கன்னத்தைத் திருப்பினான். நானும் உணர்ந்தேன். பின்கழுத்தில் குளிர்ச்சி. பாய் ஒரு முறை அடித்தது, தொங்கியது, பிறகு முழுவதும் நிறைந்தது. தம்பி அழுதுகொண்டே கயிற்றை இழுத்துக் கட்டினான். பின்னால் வந்த முதுகு எப்போது விட்டுப்போனதோ தெரியவில்லை.

ஆற்று முகத்தில் மணல் திட்டைத் தாண்டும்போது ஒரு அலை எங்களைப் பக்கவாட்டில் தூக்கியது. நான் அண்ணனின் மேல் குப்புறப் படுத்து, மரக்கட்டுக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் எங்களை மூடிப் போனது. எழுந்தபோது ஆற்றுக்குள் இருந்தோம். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். மாட்டு வண்டி கிடைத்தது. வைக்கோல் பரப்பி அவரைக் கிடத்தினோம். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை வண்டிக்காரர் மாட்டை நடக்கவே விடவில்லை.

அங்கே டாக்டர் கட்டைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார். என்னிடம் பிரெஞ்சில், “என்ன குத்தியது?” என்றார். மீன் என்றேன். நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார். கதவு சாத்திக்கொண்டது.

அக்காவுக்குச் செய்தி போய் அவள் வந்து சேர்ந்தபோது விளக்கு ஏற்றிவிட்டார்கள். வாசலில் என்னைத்தான் முதலில் பார்த்தாள். சட்டை இல்லாமல், ரத்தம் காய்ந்து கருத்த கைகளோடு.

“உசுரோட இருக்காரா?”

“இருக்காருக்கா.”

அவள் என் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். ஓங்கி ஓங்கி அடித்தாள். நான் தடுக்கவில்லை. பிறகு பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கதவு திறக்கும் வரை மூவரும் அப்படியே இருந்தோம். கால் போகாது, ஆனால் பழைய மாதிரி மடங்காது என்று டாக்டர் வந்து சொன்னார். அதை நான் தமிழில் சொன்னபோது அக்கா, “மடங்கலனா போவுது,” என்றாள்.

குப்பத்தில் பெரியவர்கள் கூடினார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். தள்ளி ஒரு தென்னையடியில் நின்றேன். கடலில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. இன்னொருவர், “வெளி ஆள மரத்துல ஏத்தினதே தப்பு. அதுவும்...” என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

பெண்கள் கூட்டத்திலிருந்து அக்கா எழுந்தாள். “அதுவும் இன்னா, மாமா? முழுசா சொல்லு. இந்தக் கையி அவரு ரத்தத்துல ஊறிக் கெடந்தப்ப, இது இன்னா கையின்னு எங்க வூட்டுக்காரரு கேக்கல. நீ இங்க ஒக்காந்துக்கினு கேக்கறியா?”

ஆரம்பித்தவர் தலையைக் குனிந்து மணலைக் கிளறினார். ஆனாலும் இனி வெளி ஆளைக் கடலுக்கு ஏற்றக்கூடாது என்று முடிவு சொல்லிவிட்டுத்தான் கலைந்தார்கள். நான் நடந்தே குருவிநத்தம் திரும்பினேன். கழி போனதில் வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

ஆனி பிறந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை அக்கா எங்கள் தெருவுக்கு வந்தாள். தலையில் கூடை இல்லை.

“கோலா ஓடிக்கினு இருக்குது. மரம் கரையில காயுது. சின்னவன் தனியா போவ முடியாது. காய்ச்சல்காரரு இன்னும் ஏந்திரிக்கல. சொந்தக்காரன் எல்லாம் அவன் அவன் மரத்துல. நீ நாளைக்கி வா.”

“பெரியவங்க சொன்னது?”

“அவங்க வந்து தொடுப்பு போடுவாங்களா? வா.”

அம்மா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சோற்றைக் கட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் விடியும்போது குப்பத்துக் கரையில் எல்லா மரங்களும் கிளம்பிக்கொண்டிருந்தன. நானும் தம்பியும் எங்கள் மரத்தின் பக்கத்தில் போய் நின்றதும் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. அண்ணன் வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து தோளைக் கொடுத்துத் தள்ளினேன். ஈர மணலில் மரம் அசையவில்லை. இரண்டு ஆளால் முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். தம்பி யாரையும் கூப்பிடவில்லை. நாங்கள் மறுபடி தள்ளினோம். சுடும் சத்தத்துக்கு முன்னால் வரும் அந்த அமைதி.

பக்கத்து மரத்துக்காரர் ஒருவர், நரைத்த மீசை, இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மூன்றாவது ஆளாகத் தோளை வைத்தார்.

“ஏலோ,” என்று மரம் தள்ளும் குரல் கொடுத்தார், என்னைப் பார்க்காமல். மரம் நகர்ந்தது. அலைக்குள் ஓடினோம்.